எங்கள் ஸ்டாப்பில் பஸ் நின்ற நேரம்

டீச்சர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து "கொண்டாட்டம்" என்ற சொல்லைச் சொன்னபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் மகளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பி, வீடு அப்போதுதான் காலியாகியிருந்தது. இந்த நேரத்தில் வந்து பள்ளிக்கூடத்து விழா, கொண்டாட்டம் என்கிறார்களே, ஈவு இரக்கம் கிடையாதா என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் கேட்டும் விட்டேன்.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பின்னால் என் மகளின் தோழிகள் இரண்டு பேர் சுவரோடு சுவராக நின்றார்கள். ஒருத்தி கண்ணாடி போட்டவள். இன்னொருத்தி பள்ளிவாசல் தெருப் பிள்ளை. இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விழாவ நிறுத்தணும்னா நிறுத்திருதேன் அக்கா," என்றார் டீச்சர். "ஆனா உங்க பிள்ள எழுதின சீட்டு சார்ட்டுல ஒட்டி இருக்கு. அத அவ வாயால அவதான் சொல்லணும். இப்ப அத என்ன செய்யன்னு இவங்க கேக்குதாங்க. எனக்கும் தெரியல."

என் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். கூடங்குளத்தில் வேலை, சனி ராத்திரி வந்து திங்கள் விடியுமுன் போய்விடுவார். சீட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து கொல்லைப்புறம் போனார். அங்கே தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவருக்கு அழவேண்டும் என்றால் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொள்வார். எனக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. எனக்கு வருவது கோபம்தான்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் பஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது. பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்தான். பள்ளிக்கூட நேரத்துக்கு வருவது ஒரே ஒரு வண்டி. ஊருக்குள் வராது, வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய் மெயின் ரோட்டில் ஏறவேண்டும். அங்கே ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம், அதுதான் ஸ்டாப். அந்த பஸ் என்றைக்கும் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததில்லை. அதில் போகிற பிள்ளைகள் முதல் பெல்லுக்குப் பிறகுதான் கேட்டுக்குள் நுழைவார்கள், பிரேயர் முடிகிறவரை வெயிலில் நிற்பார்கள். என் மகளை மட்டும் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்காரவைப்பார். அதில் அவளுக்கு ஏக அவமானம்.

ஏன் ஸ்டூல் என்றால், அவளுக்கு இதயத்தில் வால்வு சரியில்லை. சின்ன வயசில் வந்த ஒரு காய்ச்சல் மூட்டுக்கு மூட்டு வலித்து, பிறகு நெஞ்சுக்குப் போய்விட்டது. ஓடக்கூடாது, படி வேகமாக ஏறக்கூடாது, ஆபரேஷன் முழுப்பரீட்சை லீவில் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது ராதாபுரம் தாலுகா ஆபீஸில் வேலை. பிள்ளையின் டாக்டர் சீட்டை எல்லாம் இணைத்து பாளையங்கோட்டைக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டிருந்தேன். கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிட்டால் அது மாற்றல் ஆகுமா. அதனால் தினமும் அவள் குளித்து வருமுன் நான் இட்லியைத் தட்டில் வைத்து மூடிவிட்டு, "பைய போட்டி, ஓடிராத" என்று சொல்லிவிட்டு இருட்டோடு கிளம்பிவிடுவேன். என் பஸ் வேறு ஸ்டாப், வேறு திசை. ராதாபுரம் போகும் வழி பூரா பனையும் காற்றாலையும்தான். அதைப் பார்த்துக்கொண்டே, இப்போது சடை பின்னியிருப்பாள், இப்போது பூட்டியிருப்பாள், இப்போது பாலத்தில் தனியாக நடந்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே போவேன். அவள் அந்த ஸ்டாப்புக்குப் போவதையும் பஸ் ஏறுவதையும் நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இந்த டீச்சர் வந்தார். வந்ததும் புராஜெக்ட் என்று ஆரம்பித்தார். புராஜெக்ட் என்றால் கடையில் போய்ப் படம் வாங்கி வெட்டி ஒட்டி, பெற்றவர்கள் ராத்திரி முழித்துத் தெர்மாகோலைச் செதுக்கிக் கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. பிள்ளைகள் தங்களுக்கே உள்ள ஒரு தொல்லையைக் கேள்வியாக எடுக்கவேண்டும். எதனால் அது நடக்கிறது என்று ஆளுக்கு ஒரு ஊகத்தைச் சீட்டில் எழுதிப் பெரிய சார்ட்டில் ஒட்டவேண்டும். அப்புறம் மாதக்கணக்கில் அலைந்து கண்டுபிடிக்கவேண்டும். ஊகம் தப்பாகப் போனாலும் சீட்டைக் கிழிக்கக்கூடாது. கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு நாள் விழா. அன்றைக்கு ஒவ்வொருத்தியும் எழுந்து தன் சீட்டைத் தானே வாசித்து, "நான் இப்படி நெனச்சேன், அது தப்பு, எப்படித் தப்புன்னா" என்று சொல்லவேண்டும். அடுத்தவள் சீட்டை யாரும் வாசிக்கக்கூடாது. சரியாக நினைத்தவளுக்குச் சாதாரணக் கைதட்டு. தப்பாக நினைத்தவளுக்குத்தான் பெரிய கைதட்டு.

"நல்லாருக்குட்டி உங்க பள்ளிக்கூடம். தப்புக்குப் பரிசா," என்றேன்.

"எம்மா, தப்புக்கு இல்லம்மா. தப்புன்னு கண்டுபிடிச்சதுக்கு."

"அப்ப நீதான் பர்ஸ்ட்டு. உனக்குத்தான் எல்லாமே தப்பாத் தெரியும்."

அவள் சிரித்தாள். சிரித்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும், அதனால் வாயை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கிச் சிரிப்பாள்.

இவர்கள் மூன்று பேரும் ஒரே பஸ் என்பதால் ஒரே குழு. கேள்வி: எங்கள் பஸ் ஏன் தினமும் லேட்? கண்ணாடிக்காரி ரயில்வே கேட் என்று எழுதினாள். பள்ளிவாசல் தெருக்காரி, படியில் தொங்குகிற காலேஜ் பையன்களை ஏற்றி இறக்குவதால் என்று எழுதினாள். என் மகள் எழுதியது இதுதான்: "எங்கள் ஸ்டாப்பில் டிரைவர் டீ குடிக்கிறார். அதனால் பஸ் லேட் ஆகிறது. அவர் டீயை வீட்டிலேயே குடித்துவிட்டு வரவேண்டும்."

அவள் பாலத்தில் வரும்போதே பஸ் வந்து நிற்குமாம். டிரைவர் இறங்கி டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருப்பாராம். இவள் ஆடி அசைந்து போய்ச் சேர்ந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் வந்து வண்டியை எடுப்பாராம். "ஒரு பஸ்ஸு ஆளையும் காக்கப் போட்டுட்டு டீ குடிக்கார்ம்மா. ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க," என்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்குப் புகார் சொல்வாள். நானும், "டெப்போவுல எழுதிப் போடு," என்று தூபம் போட்டேன். அந்த டிரைவரை இரண்டு பேருமாகச் சேர்ந்து நன்றாகத் திட்டியிருக்கிறோம்.

கண்ணாடிக்காரி முதல் ஸ்டாப்பிலேயே ஏறிவிடுவாள். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் வண்டி நிற்கிற நேரத்தைக் கணக்கெடுப்பது அவள் வேலை. சார்ட்டில் ஒட்டுவதற்கு வண்ணக் காகிதம் வாங்காமல் வீட்டில் இருப்பதைக் கொண்டுவரவேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு நாளைக்கு ஒரு வரிசை, வீணாகிற ஒரு நிமிஷத்துக்கு ஒரு பொட்டு. ரயில்வே கேட்டில் நின்ற நேரத்துக்குக் கண்ணாடிக்காரி வீட்டுக் கறுப்புப் பொட்டு. பையன்கள் ஏறுகிற நேரத்துக்குப் பள்ளிவாசல் தெருக்காரியின் உம்மா துணியில் தைக்கிற சம்கி. எங்கள் ஸ்டாப்பில் நிற்கிற நேரத்துக்கு என்னுடைய மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. கண்ணாடி முன்னால் வைத்திருந்த பொட்டு அட்டை அட்டையாகக் காணாமல் போனது. ஆபீஸ் போகிற அவசரத்தில் அட்டையைப் புரட்டினால் பாதி இடம் வெறும் பசைத் தடமாக இருக்கும். "உங்க டிரைவர் டீ குடிக்கதுக்கு நான் பொட்டில்லாமப் போகணுமா," என்று கத்துவேன்.

கேட்டில் வண்டி எப்போதாவதுதான் நின்றது. சம்கியும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மெரூன் பொட்டு மட்டும் நாளுக்கு நாள் வரிசை கட்டி நின்றது. என் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. தான் நினைத்ததுதான் சரி என்றால் சின்னக் கைதட்டுத்தான் கிடைக்கும் என்று ஒரு வருத்தம் வேறு. இடையில் டாக்டரிடம் காட்ட அவள் லீவு போட்ட நாட்களில் மட்டும் மெரூன் பொட்டே இல்லை என்று கண்ணாடிக்காரி கண்டுபிடித்துச் சொன்னாள். "அன்னைக்கு டீக்கடை லீவா இருக்கும்," என்றாளாம் என் மகள்.

டிரைவரையே நேரில் கேட்டுவிடுவது என்று தேதி குறித்தார்கள். அதற்குள் அவளுக்குக் கால் வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷனை லீவு வரை தள்ளாமல் முன்னாலேயே செய்யவேண்டும், அதற்கு முன் உடம்பில் நீர் இறங்கவேண்டும் என்றார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். படுத்தால் மூச்சு முட்டும். அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் தோழிகள் இரண்டு பேரும் பார்க்க வந்தார்கள். வந்ததில் இருந்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு கெக்கே பிக்கே என்று ஒரே சிரிப்பு. எனக்கு எரிச்சலாக இருந்தது. நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில் என்ன இளிப்பு என்று நினைத்தேன்.

"டிரைவர் மாமாட்ட கேட்டீங்களா?" என்றாள் என் மகள்.

"கேட்டோம்."

"என்ன சொன்னாரு? டீதான?"

இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள். "சொல்ல மாட்டோம். விழா அன்னைக்குத்தான். ஆனா உனக்குத்தான்ட்டி பெரிய கைதட்டு," என்றாள் பள்ளிவாசல் தெருக்காரி.

"தப்பா? என்னது தப்பா?"

"சொல்ல மாட்டோம்."

அவர்கள் போன பிறகும் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். "டீ இல்லன்னா காப்பியா இருக்குமோம்மா," என்றாள். "பேசாமப் படு," என்றேன். பிறகு படுக்கமுடியாதவளைப் படு என்று சொன்னது உறைத்து, தலையணையை நிமிர்த்தி வைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "பெரிய கைதட்டுன்னா பெரிய தப்பாத்தான் இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

ஆபரேஷன் வரைக்கும் அவள் இருக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. சாயங்காலம் கஞ்சி குடித்தாள், விடியும்போது இல்லை. அவ்வளவுதான்.

இப்போது டீச்சர் வந்து உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். சீட்டை என்ன செய்ய என்று டீச்சர் கேட்டதும், "கிழிச்சுப் போடுங்க," என்றேன். வாய்க்கு வந்தது அதுதான். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள்.

"அவட்ட சொல்லிருக்கணும் ஆன்ட்டி," என்றாள். "ஆஸ்பத்திரில கேட்டால்லா. நாங்க சொல்லல. விழால சொன்னா எல்லாரும் கைதட்டுவாங்க, அவ மூஞ்சியப் பாக்கணும்னுதான் சொல்லல. அவளுக்குத் தெரியாமலே போச்சு."

"என்னத்தட்டி தெரியாமப் போச்சு?"

டீச்சர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பள்ளிவாசல் தெருக்காரிதான் சொன்னாள்.

"அந்த மாமா டீயே குடிக்க மாட்டாராம். அவருக்குச் சுகராம். டீய விட்டு ரொம்ப வருஷமாச்சாம்."

அவர்கள் போய்க் கேட்டபோது டிரைவர் முதலில் எரிந்து விழுந்தாராம். பிறகு கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "சொல்லிரும் வே, பிள்ளைங்க படிப்புக்குக் கேக்கு," என்றதும் சொன்னாராம். முன்னால் ஒரு நாள் பஸ்ஸைப் பார்த்துவிட்டு என் மகள் பாலத்தில் ஓடி வந்திருக்கிறாள். படியில் ஏறமுடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, உதடெல்லாம் நீலம் பாரித்துப் போயிற்றாம். காய்கறிக் கூடைக்காரி ஒருத்தி மடியில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. மறுநாளில் இருந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆரன் அடித்தால் பிள்ளை ஓடிவரும், இறங்கி டீக்கடைப் பக்கம் நின்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துப் பைய வரும் என்று இப்படி ஒரு ஏற்பாடு. டீக்கடைக்காரர் ஒரு காலி கிளாஸை அவர் கையில் கொடுத்துவிடுவாராம். பஸ்ஸில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். புதுசாக ஏறுகிற யாராவது முணுமுணுத்தால் கூடைக்காரி ஒரு அதட்டல் போடுவாளாம்.

தெரியாதது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான்.

கொல்லையில் குழாய் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறார்.

டீச்சர் இன்னொன்றையும் சொன்னார். சொல்லச் சங்கடப்பட்டுத்தான் சொன்னார். அவள் பள்ளிக்கு வராமல் போன பிறகும் பிள்ளைகள் கணக்கெடுப்பதை நிறுத்தவில்லை. அந்த வரிசைகளில் பொட்டு இல்லை. பஸ் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கண்டதை மறைக்கக்கூடாது என்பது வகுப்பில் முதல் நாளே பேசிவைத்தது. ஆனால் அந்தப் பகுதியைச் சார்ட்டில் ஒட்டமாட்டோம், ஆன்ட்டி பார்ப்பார்கள் என்று இரண்டு பேரும் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

"நீங்க ஒட்டவேண்டாம்னு சொன்னா ஒட்டல அக்கா. அதக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் இல்லாததால் உலகத்தில் ஏதோ ஒன்று சரியாக நடக்கிறது என்று என் வீட்டில் வந்து சொல்கிறார்களே என்று இருந்தது. எழுந்து போங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் என் மகள் இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். பொட்டு இல்லாத நாளைக் கண்ணாடிக்காரி சொன்னபோது அவள் அதையும் ஒட்டச் சொன்னவள்தான்.

"ஒட்டுங்க," என்றேன். "சீட்டையும் கிழிக்கவேண்டாம்."

விழாவுக்கு நான் மட்டும் போனேன். வீட்டுக்காரர், "நீ போயிட்டு வா, எனக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூட ஹாலில் சுவர் முழுக்கச் சார்ட். ஒரு குழு தெருவில் மாடு ஏன் போஸ்டரைத் தின்கிறது என்று ஆராய்ந்திருந்தது. பசியால் என்று நினைத்தவள் எழுந்து, "தப்பு, அது பேப்பரத் திங்கல, பசையத்தான் நக்குது," என்று சொன்னதும் ஹாலே சிரித்துக் கைதட்டியது. நானும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். இந்தக் கைதட்டைத்தான் அவள் ஆஸ்பத்திரியில் யோசித்துக்கொண்டே கிடந்தாள்.

எங்கள் பிள்ளைகளின் முறை வந்தது. சார்ட் நான் நினைத்ததைவிடப் பெரியது. என் நெற்றிப் பொட்டுகள் அதில் கூட்டம் கூட்டமாக இருந்தன. ஒவ்வொரு வரிசையும் அவள் பாலத்தில் நடந்து வந்த ஒரு காலை. எவ்வளவு மெதுவாக நடந்திருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். போகப் போக வரிசை நீண்டுகொண்டே போயிருந்தது. நான் தினமும் வீட்டில் பார்த்த பிள்ளை, எனக்குத் தெரியாமல் இப்படித் தளர்ந்துகொண்டே வந்திருக்கிறாள். பிறகு ஒரு இடத்தில் மெரூன் நின்றுவிட்டது. அதற்குக் கீழே தேதி மட்டும் எழுதி வெறும் வெள்ளைக் கோடுகள்.

கண்ணாடிக்காரி தன் சீட்டை வாசித்தாள். பள்ளிவாசல் தெருக்காரி தன்னுடையதை வாசித்தாள். இரண்டுமே தப்பு, இரண்டுக்கும் கைதட்டு. டிரைவர் சொன்னதையும் சொன்னார்கள். மூன்றாவது சீட்டை இருவரும் தொடவில்லை. கடைசி வரிசைகளைக் காட்டி, "இப்ப பஸ்ஸு எங்கயும் நிக்கல. பெல்லுக்கு முந்தியே வந்துருதோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி நடுவில்தான் ஹாலுக்குள் வந்திருந்தார். முன்கதை எதுவும் தெரியாது, வந்ததில் இருந்து பாதி நேரம் போனில்தான் இருந்தார். காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். மைக்கை வாங்கி, "ரொம்ப நல்ல வேலை பிள்ளைங்களா. உங்க முயற்சியால இன்னைக்கு பஸ் சரியான நேரத்துக்கு வருது பாருங்க, இதுதான் வெற்றி. எல்லாரும் ஜோராக் கைதட்டுங்க," என்றார். விவரம் தெரியாத பெற்றோர்கள் தட்டினார்கள். அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய கைதட்டு அதுதான்.

அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் அந்த இரண்டு பிள்ளைகளும் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணாடிக்காரி சார்ட்டின் கீழ்ப்பகுதியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். டீச்சர் மைக்கைத் திரும்ப வாங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். பேசவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. கால் தானாகப் போயிற்று. மூன்றாவது சீட்டுக்குப் பக்கத்தில், அவள் நிற்கவேண்டிய இடத்தில் போய் நின்றேன்.

"இது என் மக எழுதினது," என்றேன். "அவ இல்ல. அவளுக்கு உள்ளத நான் வாசிக்கக்கூடாது, அது இந்தப் பிள்ளைங்க வச்ச சட்டம். அதனால நான் தப்பா நெனச்சத சொல்லுதேன்."

சார்ட்டில் இருந்த மெரூன் பொட்டுகளின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"தினமும் நான் முந்திப் போயிருவேன். பிள்ள தனியாப் போகுதே, தனியாப் போகுதேன்னு ராதாபுரம் போற வழி பூரா நெனச்சிட்டே போவேன். அது தப்பு. அவ தனியாப் போகல. ஒரு பஸ்ஸு ஆளும் அவளுக்காக நின்னுருக்காங்க. அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்பத்தான் தெரியும்."

யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று பெரியவர்களுக்குத் தெரியவில்லை. வகுப்புப் பிள்ளைகள்தான் ஆரம்பித்தார்கள். தப்பைச் சொன்னால் தட்டவேண்டும் என்பது அவர்களுக்குப் பழக்கம். தட்டிக்கொண்டே அழுதார்கள், அழுதுகொண்டே தட்டினார்கள். அந்த அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். வாசல் பக்கம் காக்கிச் சட்டையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார், பிள்ளைகள் கூப்பிட்டு வந்திருக்கிறார். அந்த டிரைவர் அவர்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கைதட்டு ஓய்வதற்குள், டிரிப்புக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பாளையங்கோட்டைக்கு. காரணம் என்ற இடத்தில், மகளின் உடல்நிலையைக் கருத்தில் கொண்டு என்று இருந்தது. நான் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடம் போய்ச் சண்டை போட?

முதல் நாள் அவள் நேரத்துக்குக் கிளம்பி, அவள் பூட்டுகிற மாதிரி பூட்டி, பாலத்தைத் தாண்டினேன். வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது. பஸ் அப்போதுதான் வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை, டீக்கடைக்காரர் கிளாஸை எடுக்கவில்லை. நான் ஏறினேன். ஜன்னல் ஓரமாக இருந்த கூடைக்காரி கூடையைக் காலடிக்கு இழுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டில் கண்ணாடிக்காரி இருந்தாள். இப்போதும் மடியில் வாட்ச்சைக் கழற்றி வைத்திருந்தாள்.

கண்டக்டர் விசில் அடிக்காமல் பின்படியில் நின்றார். டிரைவர் கண்ணாடி வழியாகப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தில் யாரும் இல்லை. அது பழக்கத்தில் பார்ப்பது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வண்டி நின்றுகொண்டே இருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. நானும் திரும்பிப் பாலத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று இருந்தது. ஆனால் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்குப் பெல் அடித்துவிடும்.

"இன்னும் யாரும் வரணுமா?" என்று கண்டக்டர் பொதுவாகக் கேட்டார்.

அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் நான்தான் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

"இல்ல அண்ணாச்சி," என்றேன். "யாரும் வரல. எடுக்கச் சொல்லுங்க."